மனசு சரியில்லை என்றால் எங்கே போவது?

கல்லூரி மாணவர்களின் மனநலத்துக்கான உதவி ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் கிடைப்பதல்ல. பக்கத்தில் உட்காரும் தோழியிடம் தொடங்கி, வகுப்பு ஆசிரியர், கல்லூரி ஆலோசகர், தொலைபேசிச் சேவை, தாலுகா மருத்துவமனை என்று நீண்டு, அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு வரை அது போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறும் மாணவருக்கும் இவற்றில் பெரும்பாலானவை காசில்லாமலே கிடைக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்பதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை. தெரிந்த வீட்டிலும் கூச்சம் தடுக்கிறது.

காமயகவுண்டன்பட்டி திராட்சைக் கொடிகளின் ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிதானாலும், அறுப்பு நேரத்தில் ஒரு மழை தப்பிப் பெய்தால் பழம் வெடித்து, வாங்க ஆளில்லாமல் போகும். அந்த ஆண்டு வாங்கிய கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் அம்மாக்கள் ஏராளம். அந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, கம்பத்தில் ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி, வீரபாண்டியில் அரசு கலைக் கல்லூரி, போடியில் அரசு பொறியியல் கல்லூரி, பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, தோட்டக்கலைக் கல்லூரி என்று தேனி மாவட்டத்துக்குள்ளேயே படிப்பவர்கள் ஒரு பங்கு. மதுரை, கோவை, சென்னை விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள் இன்னொரு பங்கு.

உயர்கல்வி வயதில் இருப்போரில் கல்லூரியில் சேர்ந்தோரின் விகிதம், 2021-22ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். இதற்குள்ளேயே ஒரு பாரமும் இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையிடம் அரியர் என்றால் என்ன, இன்டர்னல் மதிப்பெண் என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல அக்காவோ அண்ணனோ இல்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர், கல்லூரியில் முதல் மாதம் ஆங்கிலப் பாடத்தின் முன் வாயடைத்து உட்காருகிறார். இதை வீட்டில் சொன்னால், "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுறோம்" என்ற பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சொல்வதில்லை.

பதினேழு, பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்து நான்கு வரையிலான காலம் மனநோய்கள் தலைகாட்டும் காலமும்கூட. வாழ்நாளில் மனநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இருபத்தைந்து வயதுக்கு முன்பே அதன் தொடக்கம் தெரிந்துவிடுகிறது என்று பன்னாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டைவிட்டு விலகுவது, காதல், தோல்வி, வேலை பற்றிய பயம், உறக்கம் கெடுவது எல்லாம் இதே ஆண்டுகளில்தான் ஒன்றாக வந்து சேர்கின்றன. கல்லூரியும் மருத்துவமனையும் கைகோக்க வேண்டிய காரணம் இந்த வயதுக் கணக்கில் இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். பள்ளி மாணவர்களும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரே ஒரு காரணம் சொல்லிவிடுவது நம் வழக்கம்: மதிப்பெண், காதல், அப்பா திட்டினார். மனநல மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. பல நாள் சேர்ந்த துயரமும், பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு நோயும், அந்த நேரத்தில் துணையில்லாமல் போனதும் சேர்ந்தே ஒருவரை அந்த விளிம்புக்குக் கொண்டுபோகின்றன. ஆகவே நடுவில் எந்த இடத்தில் ஒருவர் கை கொடுத்தாலும் பலன் உண்டு.

பள்ளத்தாக்கில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "எதுவும் பிடிக்கல", "மண்டை வலிக்குது", "நெஞ்சு படபடங்குது", "சாப்பாடு இறங்கல", "காலேஜ் போக வேணாம்" என்பார்கள். மாணவர்கள் "டிப்ரஷன்" என்ற சொல்லை விளையாட்டாகவே பயன்படுத்திப் பயன்படுத்தி, உண்மையிலேயே அது வந்திருக்கும் நண்பனைக் கவனிக்கத் தவறுகிறார்கள். உடம்பில் தெரிகிற அறிகுறிகளோடுதான் பெரும்பாலோர் முதலில் டாக்டரிடம் போகிறார்கள். இரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் சரியாக இருக்கும். சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரமும் மனம் இறுகிக் கிடப்பது, முன்பு பிடித்த கிரிக்கெட்டோ பாட்டோ எதுவும் இனிக்காமல் போவது, விடியற்காலையில் விழித்துக்கொண்டு படுக்கையிலேயே புரள்வது, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பது, தன்னால் எல்லாருக்கும் பாரம் என்று தோன்றுவது ஆகியவை சேர்ந்து வந்தால் அது சோம்பலோ திமிரோ அல்ல. சிகிச்சைக்கு உரிய நிலை.

வேறு சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பதாகச் சொல்வது, நண்பர்கள் எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, பல நாள் உறங்காமல் அளவுக்கு மீறிப் பேசுவதும் செலவு செய்வதும், குளிப்பதையும் உடுத்துவதையும் அறவே விட்டுவிடுவது போன்றவை அவை. இந்த நிலையில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் படிப்பும் வாழ்க்கையும் மீளும். பல குடும்பங்கள் முதல் ஆறு மாதத்தைக் கோடாங்கியிடமும் மந்திரிப்பவரிடமும் கழித்துவிடுகின்றன. கும்பிடுவதில் தவறில்லை. ஆனால் அதையே சிகிச்சையாக நம்பியதன் விலையை நாம் பார்த்திருக்கிறோம்: தர்கா இருக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. பின்னாளில் அங்கே தர்காவுக்கு வருவோர் பிரார்த்தனையோடு மருந்தும் பெற மனநல மருத்துவர்கள் அமர்த்தப்பட்டார்கள். நம்பிக்கையையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது. ஆனால் மருந்து தாமதமாகக் கூடாது.

வரிசையில் முதலில் நிற்பவர் நண்பர்தான். மனம் உடைந்த மாணவர் ஆலோசகரிடம் நேராகப் போவது அரிது. விடுதி மொட்டை மாடியிலோ, பஸ்ஸின் கடைசி சீட்டிலோ நண்பனிடம்தான் முதலில் ஏதோ சொல்கிறார். "மாப்ள, ஒரு வாரமா நீ சரியில்ல. என்னடா ஆச்சு?" என்ற கேள்வி எந்தப் பட்டயப் படிப்பும் இல்லாதவர் தரக்கூடிய முதலுதவி. கேட்டபின் பேச விட வேண்டும். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பதும், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சரியாப் போச்சு" என்பதும் பேச வந்தவரின் வாயை அடைத்துவிடும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அதை மறுக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலே கிடைக்கிறது.

"ஆமாம்" என்ற பதில் வந்தால், யாரிடமும் சொல்லாதே என்று நண்பன் வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்றக் கூடாது. அந்த இடத்தில் ரகசியம் காப்பது நட்பல்ல. அவரைத் தனியே விடாமல் கூட இருந்து, விடுதிக் காப்பாளரையோ ஆசிரியரையோ வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரையோ அழைக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. பிழைத்துக்கொண்டவர்மீது போலீஸ் வழக்கு வந்துவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவின்படி, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரைத் தண்டிப்பதற்கில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அடுத்து ஆசிரியர். கல்லூரிகளில் இத்தனை மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்ற முறை இருக்கிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கிலிருந்து வருவோர் அந்த விகிதத்தைக் கேட்கிறார்கள். ஆகவே பதிவேடு இருக்கும். பதிவேட்டுக்கு வெளியே அது எவ்வளவு நடக்கிறது என்பது ஆசிரியரின் மனத்தைப் பொறுத்தது. தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவரின் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, குற்றம் சொல்லாமல் விசாரிக்கிற ஆசிரியர் பல ஆலோசகர்களுக்குச் சமம். ஆசிரியர் சிகிச்சை தர வேண்டியதில்லை. கவனிப்பதும், கேட்பதும், சரியான இடத்துக்கு அனுப்புவதும் அவர் வேலை. வகுப்பில் எல்லார் முன்னாலும் விசாரிப்பது மட்டும் கூடவே கூடாது.

ஆலோசகர் என்ற ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும் என்பது இப்போது உச்ச நீதிமன்றத்தின் கட்டளை. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சென்ற ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சட்டம் இயற்றப்படும் வரை நாடு முழுவதும் இவை கட்டுப்படுத்தும். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்காரவைத்து அவமானப்படுத்துவதும் தடை. அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர் நல மையங்களை அமைக்கச் சொல்லியிருந்தது. 2025 மார்ச்சில் இன்னொரு வழக்கில், முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் உச்ச நீதிமன்றம் அமைத்தது.

தீர்ப்பு ஒன்று, கல்லூரி நடைமுறை ஒன்று என்றிருப்பதை மறைக்க முடியாது. சிற்றூர்க் கல்லூரிகள் பலவற்றில் ஆலோசனை அறை என்பது ஒரு பெயர்ப்பலகை. பாடம் நடத்தும் ஒருவரே ஆலோசகராகவும் இருப்பார். தேர்வுத்தாளைத் திருத்துபவரிடமே போய் மனக்குறையைச் சொல்ல எந்த மாணவருக்கு மனம் வரும்? அந்த அறை முதல்வர் அறைக்கு எதிரே இருந்தால், உள்ளே போகிறவரை ஊரே பார்க்கும். ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் போதும். அவர் வெளியாளாக இருக்க வேண்டும், அறை ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும். தேர்வு அட்டவணை ஒட்டுவதுபோல அவர் வரும் கிழமையையும் ஒட்ட வேண்டும். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிக் கேட்கும் பெற்றோர் இதையும் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு இப்போது சட்ட வலு இருக்கிறது.

தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ஒரு முயற்சி எடுத்தது. மனநல நல்லாதரவு மன்றம், சுருக்கமாக "மனம்", 2022 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினால் தொடங்கிவைக்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கி, மற்றக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் விரிப்பது திட்டம். மாணவர்களே மாணவர்களைக் கவனித்து, தேவைப்படும்போது மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது இதன் சாரம். மருத்துவ மாணவர்களிடமிருந்து தொடங்கியது நல்ல யோசனை. நாளை டாக்டராகி நோயாளியின் கூச்சத்தைப் போக்க வேண்டியவர்கள், முதலில் தங்கள் கூச்சத்தைப் போக்கிக்கொள்கிறார்கள்.

பள்ளத்தாக்கு மாணவருக்கு இவை எல்லாவற்றிலும் கைக்கு எட்டியது தொலைபேசிதான். 14416 என்பது டெலி மானஸ் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இது நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது, தமிழில் பேசலாம். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். அவரால் முடியாத அளவுக்குச் சிக்கல் இருந்தால் மனநல மருத்துவரோடு இணைப்பார், அல்லது நேரில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார். பெயர் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் பேசலாம். தேர்வு பயம், உறக்கமின்மை, காதல் முறிவு எதற்காகவும் அழைக்கலாம். சாகும் எண்ணம் வந்தால்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை.

மாநில அரசின் 104 சுகாதாரச் சேவையும் மனநல ஆலோசனை தருகிறது. 2021-இல் நீட் தேர்வுக்குப் பின் தமிழ்நாட்டில் மாணவர் மரணங்கள் நடந்தபோது, தேர்வு எழுதியவர்கள் அழைக்கட்டும் என்று இந்தச் சேவை காத்திருக்கவில்லை. ஆலோசகர்களே ஒவ்வொருவராக அவர்களை அழைத்துப் பேசினார்கள். உதவி தேவைப்படுகிறவர் வாய்திறந்து கேட்கும் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய "ஸ்நேகா" தன்னார்வலர்களால் நடப்பது. அதன் எண் 044-24640050. பள்ளித் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனடியாகத் துணைத்தேர்வு எழுதும் ஏற்பாட்டுக்கு விடாமல் குரல் கொடுத்த அமைப்பு அது. ஒரு தேர்வு முறையை மாற்றுவதும் மனநலச் சேவைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

போன் பேசிக் குறையாத துன்பத்துக்கு நேரில்தான் போக வேண்டும். நாட்டின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருச்சி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. இந்தக் குழுவின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வந்து புறநோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ அரசு மருத்துவமனையில் "மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். கல்லூரிகளுக்குச் சென்று வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஆலோசனையும் தருவதும் இத்திட்டத்தின் வேலைகளில் ஒன்று. முதல்வர் ஒரு கடிதம் எழுதினால் குழுவை வரவழைக்கலாம்.

இன்னும் பெரிய சிகிச்சைக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேனியைத் தாண்டி ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில் இருக்கிறது. ஊரிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தேனி, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று காலையிலேயே கிளம்ப வேண்டும். ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். முதல் சந்திப்பில் டாக்டர் கேட்கும் கேள்விகள் எளியவை: எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, குடி, கஞ்சா, மாத்திரை ஏதாவது உண்டா. உண்மையைச் சொல்வதே பாதிச் சிகிச்சை. தைராய்டு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்களையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

யாரிடம் எதற்குப் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருவது அவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் அன்றாடச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க உதவுபவர். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் மூன்று நாளில் மனதை மாற்றுவதாகப் பணம் கேட்கிறவர்கள் இந்த மூன்றிலும் சேராதவர்கள்.

மருந்தைப் பற்றிய பயமே பலரைப் பாதியில் திருப்பி அனுப்புகிறது. "அந்த மாத்திரை போட்டா வாழ்நாள் முழுக்க விட முடியாது" என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் தரப்படும் மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுக் கோளாறோ தலைவலியோ வந்து, பலன் தெரியுமுன் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நன்றாகிவிட்டது என்று சட்டென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடக்கூடியவை சில தூக்க மாத்திரைகளே. அவற்றை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்தே இல்லாமல் பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் போதுமானதாக இருப்பதும் உண்டு.

பெண்பிள்ளை வீட்டில் இன்னொரு பயம் கூடுதலாக இருக்கும்: விஷயம் வெளியே தெரிந்தால் நாளை யார் பெண் எடுப்பார்கள்? ஆண்பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிர் ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகளைத் தவிர, கல்லூரியோ நிறுவனமோ உறவினரோ கேட்டாலும் மருத்துவமனை தரக் கூடாது. மனநோயை மற்ற உடல்நோய்களைப் போலவே மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் இதே சட்டம். சட்டம் ஊர்வாயை மூடாது என்பது உண்மை. ஆனால் கவனிக்காமல் விட்ட நோய்தான் கடைசியில் ஊருக்கே தெரியும். சீக்கிரம் பார்த்துக் குணமானது யாருக்கும் தெரிவதில்லை.

எல்லாத் துன்பமும் மருத்துவத் துன்பமும் அல்ல. விடுதியில் சீனியர் கொடுமை என்றால் அதற்கு மருந்து மாத்திரை அல்ல. 1997-இலேயே தமிழ்நாடு ராகிங்குக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாடு தழுவிய புகார் எண் 1800-180-5522. கடன் செயலியில் மாட்டிக்கொண்டவர், படத்தை வைத்து மிரட்டப்படுகிறவர் 1930-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கு 181, பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு 1098. சாதியைச் சொல்லி ஒதுக்கப்படுகிற மாணவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது அநியாயம். அவருக்கு வேண்டியது நியாயம். நல்ல ஆலோசகர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பார்.

குடும்பம் செய்யக்கூடியது நிறைய. மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பது. அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று அப்பாவே முதலில் சொல்வது. தோட்டம் உள்ள வீடுகள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடிக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கண்ட இடத்தில் வைக்காமல், பூட்டி, சாவியைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்வது உயிர்காக்கும் பழக்கம். சாகும் எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் போதும். காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் விவசாயிகளின் பூச்சிமருந்துகளை வங்கி லாக்கர்போல ஒரே பொது இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள், ஊரார் அதை ஏற்றுக்கொண்டார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின் தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது.

ஆள்பற்றாக்குறை பெரிது. இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடந்தது. சிகிச்சை தேவைப்படுவோரில் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை அதைப் பெறாமலே இருப்பதாக அது கண்டது. அரசுகள் பணியிடங்களை நிரப்பும் வரை இந்த இடைவெளியை ஆசிரியர்களும் மாணவர்களும் குடும்பங்களும்தான் அடைத்தாக வேண்டும். பிள்ளை வந்து கேட்கும் நாளுக்காகக் காத்திராமல், பெற்றோர் இன்றே தங்கள் போனில் 14416 என்ற எண்ணைப் பதிந்துவைத்து, பிள்ளையின் போனிலும் பதியச் சொல்லட்டும்.